சாம்பிளுக்கு ஜோடி

என் வீட்டுக்காரர் விழுந்த அன்று வண்டியின் எஞ்சின் பிரித்துக் கிடந்தது. பழைய புல்லட். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, வாங்கும்போதே பழசு. விம்கோ நகரில் எங்கள் வீட்டு வாசல் கேட்டுக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான நடை இருக்கிறது. வண்டி அங்கேதான் நிற்கும். லீவு நாளில் அதைப் பிரித்துப் போட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடியும் கோப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. எனக்கு அந்த நடையைத் தாண்டி மளிகைப் பையைக் கொண்டுவருவதே ஒரு பிழைப்பு. அந்தத் தடவை பிரித்தார், கோப்பதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து முன்னறையில் கட்டில் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் நடை தெரியும். எஞ்சின் கூடு கோணிமேல் இருந்தது. மற்ற சாமான்கள் எல்லாம் என்னுடைய எவர்சில்வர் தட்டுகளில். கழுவி வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். அந்தத் தட்டுகளை எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை. பாசம் என்று சொல்லமாட்டேன். எதையும் தொடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. காலையில் அவரைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போவேன். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் எனக்கு வேலை, கப்பலில் போகிற சரக்குக்குப் பில் அடிக்கிற வேலை. கன்டெய்னர் நம்பரில் ஒரு தப்பு வராது. சாயந்திரம் திரும்பி வந்து மறுபடியும் துடைப்பேன், ஊட்டுவேன். விசாரிக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்து ஏமாந்துபோனார்கள். கட்டிப்பிடித்து அழலாம் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்த என் சின்ன நாத்தனாருக்கு நான் காபி போட்டுக் கொடுத்தேன். அழுகை வராததற்கு நான் என்ன செய்ய முடியும்?

வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் ஒரே பரீட்சைதான் வைத்தார்கள். முகத்துக்கு நேராகக் குனிந்து, "நான் யாரு, சொல்லு? என் பேரு சொல்லு பாக்கலாம்" என்பார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். "ஒண்ணும் தெரியல, பாவம்" என்று எழுந்துவிடுவார்கள். டாக்டரும் பிடி கொடுத்துப் பேசவில்லை. பேச்சு போனது நிச்சயம், புரிதல் எவ்வளவு மிச்சம் என்று இப்போது சொல்ல முடியாது, போகப்போகப் பார்க்கலாம் என்றார். இந்த உடம்புக்குள் அவர் இருக்கிறாரா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். இருக்கிறார் என்றால் ஒரு மாதிரி நடந்துகொள்ளலாம், இல்லை என்றால் வேறு மாதிரி. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரு ஆளைக் குளிப்பாட்டுவது பெரிய பேஜாரு.

மணலி புதுநகரில் இருக்கும் என் மகள் போனில், "எல்லாத்தயும் எடைக்குப் போட்டுடும்மா. அப்பாவுக்கு வீல் சேர் போக வழியில்ல" என்றாள். நியாயம்தான். ஆனால் அன்று ராத்திரி தட்டுகளைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த எஞ்சினைக் கோத்து ஓடவிட்டு, அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் வண்டி சத்தத்துக்குக்கூட அந்த முகம் அசையவில்லை என்றால் உள்ளே யாரும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் நான் காத்திருக்க வேண்டாம். அதற்காகத்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வண்டிமேல் ஆசைப்பட்டு இல்லை.

மெக்கானிக் திருவொற்றியூர் ஆள், அவருக்குப் பழைய தோஸ்து, வயதில் சின்னவர். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு விரல் நீளத்தில் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் காட்டினார்.

"கேம் ஸ்பிண்டில், அக்கா. நல்லா தேஞ்சிகீது. மத்த சாமானெல்லாம் அண்ணாத்தையே ரெடி பண்ணி வெச்சிகீறாரு. இத்த மட்டும் சாம்பிளுக்கு எட்துனு போயி, இதே மாறி ஒண்ணு வாங்கினு வந்துடு. ஞாயித்துக்கெயம வந்து கட்டித் தரேன்."

அது என்ன செய்யும் என்று கேட்டேன். ஒரு முனை எஞ்சின் கூட்டில் இருக்கிற ஓட்டைக்குள் இறுகி உட்காரும், நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனையில் பல்சக்கரம் மாட்டிச் சுற்றும் என்றார். எனக்கு அது போதும்.

எங்கள் பக்கத்தில் எதை வாங்கப் போனாலும் சாம்பிள் வேண்டும். குழாய் வாஷர் ஆனாலும், மிக்ஸி ஜார் பிளேடு ஆனாலும், ரவிக்கைக்கு மேட்ச் துணி ஆனாலும் பழசைக் கையில் கொண்டுபோனால்தான் கடைக்காரர் நிமிர்ந்தே பார்ப்பார். வெறும் வாயோடு போனால், "போயி சாம்பிள் எட்துனு வாம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் இருப்பதை யாரும் அளப்பதில்லை. கையில் இருக்கிற பழசுதான் அளவு. நானும் அந்தக் கம்பியை ஒரு கைக்குட்டையில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்பும்போதே கட்டிலில் அவர் ரகளையை ஆரம்பித்துவிட்டார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம், இடது கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுவது. நான் வெளியே போவது பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அவர் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் முன்பே சொல்லியிருந்தாள், இந்த மாதிரி ஆட்களுக்குக் கோபம் வரும், கண்டுகொள்ளாதீர்கள் என்று. கண்டுகொள்ளவில்லை.

முதலில் போனது திருவொற்றியூரில் மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு ஸ்பேர்ஸ் கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மேஜைமேல் ஒரு சின்ன சிலுவையும் பக்கத்தில் பருமன் அளக்கிற வெர்னியரும் இருந்தன. என் கம்பியை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய், எண்ணெய்த் தாளில் சுற்றிய புதுக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்தாங்க, உங்க வண்டிக்கு உள்ளது இதுதான். ஆனா நீங்க கொண்டாந்தது கம்பெனி சைஸு இல்ல, பாத்துக்கிடுங்க. உக்காருத முனை தடிமனால்லா இருக்கு?"

பார்த்தேன். புதுக் கம்பியைவிட என் கம்பியின் முனை கொஞ்சம் பருமனாகத்தான் இருந்தது.

"இதையே குடுங்களேன், மெக்கானிக் பாத்துக்குவாரு" என்றேன்.

"ஜோடி சேராதும்மா. ஓட்டைக்குள்ள லொடலொடன்னு ஆடும். வாங்கிட்டுப் போயிட்டு ரிட்டன்னு வந்து நிக்கக் கூடாது. சாம்பிளுக்குச் சேருதது கெடைச்சா வாங்குங்க, இல்லன்னா சும்மா இருங்க."

யோக்கியமான மனுஷர், வியாபாரத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னார். அந்த உண்மையை நம்பித்தான் நான் மாதக்கணக்கில் அலைந்தேன்.

சனிக்கிழமைகளில் ஆபீஸ் பாதி நாள். மத்தியானம் புதுப்பேட்டைக்குப் போவேன். அந்தத் தெருக்களில் உடைத்த வண்டிகளின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கடை இருக்கும். ஒரு கடையில் வெறும் கதவு, இன்னொன்றில் வெறும் ஹேண்டில் பார். சேலை கட்டிக்கொண்டு கேம் ஸ்பிண்டில் கேட்கிறவளை அவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி, "நீயே பொறுக்கிக்கோம்மா" என்று விட்டுவிடுவார்கள். கை எல்லாம் கருப்பாகும் வரைக்கும் பொறுக்குவேன். எல்லாம் மெலிந்த முனைதான். என் கம்பிக்கு ஜோடி இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடித்திருந்தன. இரும்பு யாரையும் எப்படி இருக்கிறாய் என்று விசாரிப்பதில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் நான் தட்டிலிருந்து கம்பியை எடுப்பேன், அவர் கையை வீசுவார். ஒருநாள் கைக்குட்டையோடு சேர்த்துத் தட்டிவிட்டார். கம்பி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. முழங்காலில் உட்கார்ந்து துடைப்பத்தால் தள்ளி எடுத்தேன். "இன்னாங்க இது, எனக்குனு வேற வேல இல்லையா?" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

காசிமேட்டுக்கும் ஒரு நடை போனேன். இதே மாடல் எஞ்சின் ஒன்று மீன்பாடி வண்டியில் ஓடுகிறது என்று யாரோ மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார்கள். மூன்று சக்கரத்தின்மேல் பலகை அடித்து, பழைய வண்டி எஞ்சினை மாட்டி, மீன் கூடையும் ஐஸும் ஏற்றிப் போவார்களே, அதுதான். வண்டிக்காரர் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். என் கம்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் எஞ்சினைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இதுல கீறது எதுவுமே ஒரிஜினல் இல்லம்மா. பிஸ்டன் ஒரு வண்டிது, கிளட்ச் இன்னொரு வண்டிது. தேஞ்சா எது கெடைக்கிதோ அத்தக் கடைஞ்சி போட்டுனு போய்கினே இருப்போம். நீ இன்னாத்துக்கு ஜோடி தேடிகினுகீற? லேத்துல குட்த்து இதே மாறி ஒண்ணு கடைஞ்சிக்க."

இத்தனை நாள் இது ஏன் எனக்கோ மெக்கானிக்குக்கோ தோன்றவில்லை என்று தெரியவில்லை. சாம்பிள் என்று ஒன்று இருந்தால் எங்காவது ஜோடியும் இருக்கும் என்று நம்பிவிட்டோம். ராயபுரத்தில் ஆபீஸுக்குப் பின்னால் இரும்பு கடைகிற ஒரு லேத் பட்டறை இருந்தது. கொடுத்தேன். அங்கேயும் எஞ்சின் கூட்டைக் கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை. சாம்பிள் இருக்கிறதே, அது போதாதா? பழசைப் போலவே, அதே பருமனில், பளபளவென்று ஒன்று கடைந்து கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். கையை வீசக்கூட இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, மனுஷர் அடங்கிவிட்டார் என்று நினைத்தேன். அதற்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது, வருத்தம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தார். என் வீட்டுக்காரரைக் கட்டிலிலிருந்து தூக்கி வீல் சேரில் உட்காரவைத்து நடைக்கு அருகே தள்ளிக்கொண்டு வந்தோம். ஓடுகிறபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே, என் கணக்கு அது. மெக்கானிக் கோணியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எஞ்சின் கூட்டைத் தொடைமேல் சாய்த்து, புதுக் கம்பியை ஓட்டையில் வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். சுத்தியலால் லேசாகத் தட்டினார். ஊஹூம்.

"லேத்துக்காரன் பெருசாக் கடைஞ்சிட்டானாக்கா?" என்று சொல்லிப் பழைய கம்பியை எடுத்து வைத்தார். அதுவும் இறங்கவில்லை. அதே எஞ்சினிலிருந்து கழற்றிய கம்பி, அதே எஞ்சினில் போகமாட்டேன் என்றது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணினா போயிடும்" என்று பையிலிருந்து ஒரு அரத்தை எடுத்தார்.

அப்போதுதான் வீல் சேரில் இருந்து அந்தச் சத்தம் வந்தது. இடது கையால் சேரின் பிடியை அடி அடியென்று அடித்தார். சேர் ஆடியது. நான் எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனேன், வழக்கம்போல. மெக்கானிக் என்னை விலக்கினார்.

"இரு இரு. அண்ணாத்த, வேணான்றியா?"

அடி நின்றது. கட்டைவிரலை நிமிர்த்தினார்.

மெக்கானிக் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் போட்டு ஓட்டைக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் குனியச் சொன்னார். பழைய கருத்த உலோகத்துக்கு உள்ளே ஒரு புது வளையம் மின்னியது.

"புச்சா புஷ் போட்டு ஓட்டையைச் சின்னதாக்கிகீறாங்க, அக்கா. கம்பெனி சைஸுக்கே கொண்டாந்துகீறாங்க. அண்ணாத்த, நீயா போட்ட?"

கட்டைவிரல்.

"பழைய ஸ்பிண்டில் நீ கடைஞ்சதா? அப்போ ஓட்டை பெருசா இருந்திச்சுனு?"

கட்டைவிரல்.

"அப்ப இதுக்குக் கடையில விக்கிற சாதா சாமான்தான் வேணும்."

கட்டைவிரல் நிமிர்ந்தே இருந்தது. முகத்தில் ஒரு சலிப்பு, இப்போதுதான் புரிந்ததா என்பது போல. அது எனக்கு நன்றாகத் தெரிந்த சலிப்பு. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

எல்லாம் விளங்கிவிட்டது. என்றைக்கோ அந்த ஓட்டை தேய்ந்து அகன்றபோது, தான் வேலை பார்த்த பட்டறையின் லேத்தில் பருமனாக ஒரு கம்பி கடைந்து போட்டிருக்கிறார். இந்தத் தடவை அதைச் சரியான அளவுக்கே மாற்ற வேண்டும் என்று பிரித்திருக்கிறார். விழுவதற்கு முந்தின வாரம் அந்தக் கூட்டைக் கோணியில் சுற்றி எங்கோ கொண்டுபோய்வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஓட்டை சரியாகிவிட்டது. கடையில் போய் சாதாரணக் கம்பி ஒன்று வாங்குவதுதான் பாக்கி. நானோ தூக்கிப் போட வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஜோடி தேடி மெட்ராஸ் முழுக்க அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அது இல்லை, அது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நம்ம மெயின் ரோட்டுக் கடையிலயே கீது. இதோ வாங்கினு வந்துடறேன்" என்று மெக்கானிக் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

நாங்கள் இரண்டு பேரும் நடையில் இருந்தோம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. பேர் சொல்லு, நான் யார் சொல்லு என்று எல்லாரும் அவரிடம் இல்லாத வார்த்தையைத்தான் கேட்டோம். ஆமா, இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை, ஒரு எஞ்சின் விஷயமாகத்தான் முதல் தடவையாக யாரோ கேட்டார்கள்.

சேருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"நான் பேசறது உங்களுக்குப் புரியுதா?"

கட்டைவிரல்.

"மொதல்லேந்தேவா? ஆஸ்பத்திரிலேந்து வந்த நாள்லேந்தா?"

கட்டைவிரல். அதில் தயக்கமே இல்லை.

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசியதெல்லாம் அப்போதுதான் என்மேல் வந்து விழுந்தது. ராத்திரிகளில் மகளுக்குப் போன் போட்டுச் சொல்வேன். அவரைத் துடைத்துவிட்டு, அந்தக் கட்டிலிலேயே ஓரமாக உட்கார்ந்து, மறைக்க வேண்டும் என்றுகூட நினைக்காமல் சொல்வேன். இப்படிக் கெடந்து அவரும் கஷ்டப்பட்டு நானும் கஷ்டப்படறதுக்கு, அன்னிக்கே போயிருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதும்மா என்று. ஒருநாள் இல்லை, பல நாள். பக்கத்தில் நாற்காலி இருக்கிறது, மேஜை இருக்கிறது, அவர் இருக்கிறார் என்கிற மாதிரி.

கேட்காமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

"நான் பாப்பாகிட்ட போன்ல பேசனது? அதுவும் கேட்டுதா?"

கை உடனே அசையவில்லை. என்னை நேராகப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று நினைத்தேன், திரும்பவில்லை. கட்டைவிரல் மெதுவாக நிமிர்ந்தது.

நான் அழுதேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, பக்கத்து வீட்டு அம்மாள் கேட் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு அழுதேன். மன்னிச்சிடுங்க என்று சொன்னேனா என்று நினைவில்லை, சொல்லியிருப்பேன். உடம்பு முழுக்க வலித்தது. அவ்வளவு மாதத்தில் எனக்கு வலித்தது அன்றுதான்.

வண்டி அன்றைக்கு சாயந்திரமே ஓடியது. அவர் முகத்தைப் பார்க்க நான் பக்கத்தில் போய் நிற்கவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

மெக்கானிக் திரும்பி வருவதற்கு முன்னால், நான் அழுதுகொண்டிருக்கும்போது அவர் என் தலையைத் தடவிக் கொடுப்பார் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேரிலிருந்து சாய்ந்து, இடது கையை நீட்டி, எஞ்சின் கூட்டின் விளிம்பில் ஒரு விரலை வைத்து இழுத்து என்னிடம் காட்டினார். விரலில் தூசி. மாதக்கணக்கில் திறந்து கிடந்ததல்லவா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோணிமேல் கிடந்த பழைய பனியன் துணியை எடுத்து அந்த விளிம்பைத் துடைத்தேன். அவர் மறுபடியும் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். இல்லை என்று கையை வீசினார்.

"தெரியுது, தெரியுது" என்று சொல்லிவிட்டு இன்னும் அழுத்தித் துடைத்தேன்.